விளாவாதே என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை

இருட்டிய பின் தெருவில் முனகல் கேட்டால் மற்றவர்கள் மாடா மனுஷியா என்று யோசிப்பார்கள். பிரசவம் பார்க்கும் நர்ஸ் செருப்பைத் தேடுவாள். நானும் நர்ஸ்தான், ஆனால் செருப்புக்கு முன் தொட்டிலைப் பார்ப்பேன். வீட்டில் நாலு மாதக் குழந்தை. நான் தொட்டுவிட்டு வரும் சுரம் அதற்கு ஒட்டிக்கொண்டால்? இந்த உத்தியோகத்தில் அகப்பட்ட சகோதரிகளுக்கு இது புரியும்.

தோல் பொம்மை

கான்வென்டில் படித்தவள் என்றுதான் சேலத்தில் என்னைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். பாடமும் பரீட்சையும் இங்கிலீஷில். உடன் படித்த பாப்பம்மாள் பன்னிரண்டு வருஷமாய் ஊரில் பிரசவம் பார்த்தவள். ஓர் எழுத்தும் விளங்காமல் விழித்தாள். நானோ பாடத்துக்கு வைத்திருந்த தோல் பொம்மையின் வயிற்றிலிருந்து துணிக் குழந்தையை அலுங்காமல் எடுத்துத் தேறிவிட்டேன். பரீட்சையில் தவறி மூட்டை கட்டியவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வாரேனுங்க. பொம்மை ஏதாச்சும் முழுகாம இருந்தா உங்களுக்குத்தானுங்க சொல்லியனுப்போணும்."

மூன்று மாணவர்கள்

வைத்தியப் படிப்பு மாறிவிட்டதாம். ஆண் மாணவர்களும் பிரசவத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டுமாம். பட்டணத்திலிருந்து எங்கள் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்த மூவர் நோட்டும் கையுமாய்க் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர் மனைவி முந்தானையை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வலியே நின்றுவிட்டது. டாக்டர் திட்டியது அவளைத்தான். அவள் என் காதில் சொன்னாள்: "அந்தத் தம்பிங்க படிச்சு முடிச்சுப் போகட்டுங்க, அப்புறமாப் பெத்துக்கறேன்."

வெந்நீர்

பயிற்சி முடிந்ததும் வெண்ணந்தூர் ஆஸ்பத்திரியில் வேலை போட்டார்கள். ஒரு தறிக்காரர் வீட்டில் ராமாயிக்குத் தலைப்பிரசவம். தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சச் சொன்னேன், காய்ச்சினார்கள். அதில்தான் கை கழுவினேன், அவளையும் கழுவினேன். இதமான சூடு. தினமும் விளாவிக் குளிக்கிற எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்சுரம். தண்ணீர் எப்படி அத்தனை சீக்கிரம் ஆறியது என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

"கொதிக்கறதை எப்படிங்க புள்ளை மேல ஊத்தறது? கிணத்துத் தண்ணியை விட்டு நாந்தானுங்க பக்குவமா விளாவி வெச்சேன்."

தேறிய பாடம்

ஐந்தாம் நாள் ராமாயி போய்விட்டாள். கடைசி வரை அவள் கையைப் பிடித்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பால் கட்டி மார்பு வலித்தது. உள்ளே குழந்தை அழுதது. சுரம் கையோடு வரும் என்று மாமியாருக்கு மாதக்கணக்கில் பாடம் நடத்தியவள் நானேதான். அவர் குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலை மறித்தார்.

"அங்கயே நில்லு சாமி. கண்ணுக்குத் தெரியாத பூச்சின்னு நீதானே சொன்னே? நாலு நாளைக்கு ஆஸ்பத்திரியிலயே படுத்துக்க. புள்ளைக்கு நான் பசும்பால் குடுத்துக்கறேன்."

இந்த ஊரில் என் பாடத்தைப் பிழையில்லாமல் படித்துத் தேறிய ஒரே மாணவியான என் மாமியார் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.