நான் படிக்காமல் சரி சொன்ன ஒரு வரி

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். என் மாமனார் மட்டும் விடமாட்டார். "கம்ப்யூட்டர்ல என்ன மாப்பிள்ளை?" என்பார். ஒருமுறை பொறுமையாகச் சொன்னேன். ஒரு பெரிய கணினிக்குள் இருபது பொய்க் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றும் தன்னை நிஜமென்றே நினைத்துக்கொண்டிருக்கும். வெளியுலகோடு பேச அதற்கு ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். கார்டு கிடையாது. கார்டு இருப்பதுபோல் நடிக்கிற நிரலை எழுதுகிறவன் நான். மாமனார் கேட்டார்:

"அப்ப, இல்லாத கம்ப்யூட்டருக்கு இல்லாத கார்டு செஞ்சு குடுக்கறீங்க. சம்பளமாவது நிஜமா வருதா?"

வருகிறது என்றேன். அதன்பிறகு அவரும் கேட்பதில்லை.

பதினெட்டு வருடங்களாக அதே நிரல்தான். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் என் மேஜை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசிப் பெட்டிகள் முகத்தில் சூடாக ஊதும் என்பதால் திறப்பதில்லை. குழுவில் நான்தான் மூத்தவன். யார் எதை மாற்றினாலும் நான் படித்துப் பார்த்து "சரி" என்று பதிந்தால்தான் அது உள்ளே போகும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கம்பெனி எனக்குச் சாய்கிற நாற்காலி கொடுத்திருந்தது.

சரி சொல்வதில் எனக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி உண்டு. என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்கிறாள். போன வருடம் சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்தபோது, இரண்டு வண்ண அட்டைகளை என் முன்னால் நீட்டி எது என்று கேட்டாள். நான் செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் "சரி" என்றேன். இன்றைக்கு எங்கள் சமையலறை ஆபரேஷன் தியேட்டர் பச்சையில் இருக்கிறது. அதைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது.

நடந்ததைச் சொல்லவேண்டுமானால் அந்தப் பொய்க் கார்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொய்க் கணினி கண்விழித்ததும் கார்டிடம், "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்கும். கார்டு, "எனக்கு இன்ன இன்ன வசதிகள் உண்டு" என்று ஒரு பட்டியலை நீட்டும். கணினி அதில் தனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டும் அந்த ஒப்பந்தத்துக்குள்தான் வேலை செய்யவேண்டும். ஆக, நினைவில் வைக்கவேண்டியவை மூன்று: நம்மால் என்ன முடியும், நாம் என்ன சொன்னோம், அவர்கள் எதை ஏற்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் மூன்றுக்கும் மூன்று தனிப் பெயர் வைப்பார்கள். நான் வைத்த பெயர்களைத் தமிழில் சொன்னால் வசதிகள், வசதிகள்2, நிஜ வசதிகள். வைத்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

ஆறு மாதங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஓர் அம்மாள் சேர்ந்தார். நாற்பத்தொரு வயது. பிள்ளைகளுக்காக ஒன்பது வருடம் வேலையை விட்டிருந்து, திரும்ப வந்தவர். முப்பத்தொரு இடங்களில் விண்ணப்பம் போட்டு முப்பது இடங்களில் பதில்கூட வரவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம், அப்புறம்தான் வேலை நிரந்தரம். எல்லாரும் அவரைப் புது மேடம் என்றோம். என் பக்கத்து மேஜை அவருக்கு.

முதல் வாரமே என்னிடம் கேட்டார்: "சார், இந்த மூணுல எது நாம குடுக்கறது, எது அவங்க எடுத்துக்கிட்டது?"

"போகப் போகப் புரியும் மேடம்" என்றேன். எங்கள் தொழிலில் அப்படிச் சொன்னால், சொல்கிறவனுக்கும் தெரியாது என்று பொருள்.

தகுதிகாண் பருவம் முடிய ஒன்றிரண்டு வாரம் இருக்கையில் அவர் என் பழைய நிரலைச் சுத்தம் செய்யும்போது ஒரு வரியை எடுத்தார். பார்த்தால் ஒரு பட்டியலை அதற்கே நகல் எடுப்பது போன்ற வரி. வேண்டாத வரி என்று யாருக்கும் தோன்றும். அது என் ஒப்புதலுக்கு வந்தது. அன்றைக்குப் பையனின் பள்ளி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். சரி என்று பதிந்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை புகார் வந்தது. ஸ்கேன் படங்களை மருத்துவர்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். ஒரு நிமிடத்தில் போன படம் அரைமணி நேரம் எடுக்கிறது, நோயாளிகள் வராந்தாவில் காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடுத்தது'. கூட்டத்தில் எதையும் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசவிடமாட்டார்.

"யாரு என்ன மாத்தினது?" என்றார்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது, என் ஒப்புதல் உட்பட. வாய் மட்டும் பாதியோடு நின்றுகொண்டது. "புது மேடம் போன வாரம் ஒரு வரி எடுத்திருக்காங்க" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம்.

புது மேடம் என்னைப் பார்த்தார். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் மூத்தவனை எதிர்த்து என்ன சொல்வார்?

"வெள்ளிக்கிழமை உங்க கன்ஃபர்மேஷன் வருதில்ல மேடம்? அன்னிக்கு ரிப்போர்ட்டப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். ரிப்போர்ட்ட சாரே எழுதட்டும். அடுத்தது" என்றார் மேலாளர்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். எனக்குத் தோதான விதத்தில்தான் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தம்மா எடுத்தத நீங்கதானே பாத்து சரி சொல்லணும்?"

"பாத்தேன். ஒரு மாதிரி பாத்தேன்."

"நம்ம சமையல்கட்டப் பாத்த மாதிரியா?"

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று தெரிந்துவிட்டால் பதினெட்டு வருட மரியாதை என்ன ஆவது?

செவ்வாய்க்கிழமை காலை அந்த வரியைத் திரும்பப் போட்டோம். படங்கள் பழையபடி பறந்தன. மீதி இருந்தது அறிக்கை மட்டும். வரியை எடுத்தது தப்பு என்று எழுதவேண்டுமானால் அந்த வரி என்ன செய்கிறது என்று எழுதவேண்டும். உட்கார்ந்தேன். தெரியவில்லை. நானே எழுதிய வரி. மூன்று பெயர்களையும் தாளில் எழுதி அம்புக்குறி போட்டேன். கிழித்தேன். மறுபடி போட்டேன். "இது நாம சொன்னதா, அவங்க ஏத்ததா?" என்று வாய்விட்டு என்னையே கேட்டுக்கொண்டேன். பக்கத்து மேஜையில் புது மேடம் தட்டச்சு செய்வதை ஒரு கணம் நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது புதன்கிழமை மாலையில். ஒரு பொய்க் கணினி இரண்டு கட்டமாக விழிக்கிறது. முதலில் ஒரு குட்டி நிரல் எழும். அதற்கு இரண்டே இரண்டு வசதிகள்தான் புரியும், அவற்றை ஏற்கும். அப்புறம்தான் பெரிய இயங்குதளம் எழுந்து, முதலிலிருந்து கேட்கும். நான் என்ன செய்திருந்தேன் என்றால், ஏற்றதற்குப் பெயர் மட்டும் வைத்துவிட்டு, எழுதிவைக்கத் தனி இடம் ஒதுக்காமல், சொன்ன பட்டியலின் மேலேயே எழுதியிருந்தேன். நினைவகத்தில் எட்டு பைட் இடம் மிச்சம் பிடிக்க! பெரிய இயங்குதளம் கேட்கும்போது பட்டியலில் இரண்டே வசதிகள் நிற்கும்; வேகம் தருகிற எதுவும் இருக்காது. அந்த அசிங்கத்தை மறைக்க, நடுவில் முழுப் பட்டியலையும் திரும்ப நகல் எடுக்கும் வரி ஒன்று. ஏன் என்று ஒரு வார்த்தை விளக்கம் எழுதவில்லை. எங்கள் சோதனைக் கணினிகள் குட்டி நிரலைத் தாண்டிக் குதித்து நேரே பெரியதை எழுப்புகிறவை. அதனால் வரி போனதை அவையும் கண்டுபிடிக்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்க மூன்றையும் பிரித்தேன். நம்மால் முடிந்தவை, நாம் சொன்னவை, அவர்கள் ஏற்றவை என்று பொருள்படும்படி பெயர் மாற்றினேன். மாற்றி முடித்தபோது அந்த நகல் வரிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. என் கையாலேயே அதை எடுத்தேன். புது மேடம் போன வாரம் எடுத்த அதே வரி.

வெள்ளிக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடி முன்னால், எல்லாம் என் தப்பு என்று சொல்ல ஒத்திகை பார்த்தேன். கம்பீரமாகத்தான் வந்தது. கூட்ட அறையில் நாங்கள் மூவர். ஒரு நீள மேஜை, சுவர்த்திரையில் என் அறிக்கை. வாயைத் திறந்தேன்.

"அதாவது சார், ஒரே வேரியபிள் ரெண்டு வேலைக்குப் பயன்பட்டிருக்கு. விளக்கம் விடுபட்டிருக்கு. ரிவ்யூவிலயும் அது கவனிக்கப்படாம போயிருக்கு."

எல்லாம் தானாகவே நடந்தது போலவும், மேஜை நாற்காலிகள் கூடிச் செய்தது போலவும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட இவ்வளவு சிரமப்படமாட்டான்.

மேலாளர் பேனாவைத் தட்டினார். "எனக்கு இதெல்லாம் புரியல. மேடம் பண்ணினது தப்பா, இல்லையா?"

நான் அடுத்த வாக்கியத்தைத் தேடினேன். அதற்குள் புது மேடம் என் பக்கம் திரும்பினார். ஐந்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"சார், நீங்க அதப் படிச்சீங்களா, படிக்கலையா?"

"படிக்கல" என்றேன்.

மேலாளர் அடுத்தது என்று சொல்லவில்லை. மடிக்கணினியைத் திருப்பி எதையோ தேடினார்.

"நாலு பத்துக்கு வந்திருக்கு. நாலு பதினொண்ணுக்கு சரின்னு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். பழைய ப்ரோக்ராமும் என்னோடதுதான். தப்பு அதுலதான் இருந்துச்சு. மேடம் எடுத்தது சரி."

புது மேடத்தின் வேலை அன்றைக்கே நிரந்தரமானது. என் ஒப்புதல் இனி ஒற்றையாகச் செல்லாது, இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும் என்று விதி வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் லிப்ட் அருகில் அவரைப் பிடித்தேன். "திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும் மேடம். நான் படிச்சிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, தெரிந்த ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னார்.

"விடுங்க சார். செவ்வா, புதன் ரெண்டு நாளும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். நீங்க படிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க."

லிப்ட் வந்தது. அவர் ஏறிக்கொண்டார். அதில் எனக்கும் இடம் இருந்தது. நான் படிக்கட்டில் இறங்கினேன்.