அப்பாவின் கை மரத்துப்போன கதை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன்குழம்பு. குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து அம்மா உருண்டை பிடித்துத் தருவாள். கை நீட்ட நானும் தம்பியும் மட்டும்தான். அதற்கும் வந்தது கேடு, அப்பாவின் பழைய பைக் ரூபத்தில்.

அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. பைக்கைக் கொஞ்சம் முறுக்கினாலே ஹேண்டில்பார் வெடவெடவென்று ஆடும். முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸ் வந்து சேர்வதற்குள் கை இரண்டும் மரத்துப்போய்விடும். சோறு பிசைய விரல் மடங்காது. அதனால் அவரும் எங்கள் வரிசையில் உட்கார்ந்து ஆவென்று வாயைத் திறந்தார். என்ன அநியாயம்! பெரிய வாய்க்குப் பெரிய உருண்டை. சட்டி சீக்கிரமே காலியானது. அவர் கை குணமாக வேண்டுமென்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொண்டேன். பாசத்தில் அல்ல.

வடலூரில் மெக்கானிக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சனிக்கிழமை வந்தார். தளர்ந்திருந்த இன்ஜின் போல்ட்டுகளை முறுக்கினார். கைப்பிடி ரப்பரை உருவிவிட்டு உள்ளே காலியாக இருந்த குழாயில் மணலைக் கொட்டினார். கனம் கூடினால் ஆட்டம் அடங்குமாம். மணல் சலித்தது நான், அம்மாவின் மாவுச் சல்லடையில். முனைகளில் கட்டையை அடைத்து, தடித்த புது ரப்பர் மாட்டினார்.

“ஹேண்டில லேசா புடிங்க மச்சான். எவன் கழுத்தையோ நெரிக்கிறாப்ல புடிச்சிகினு போறீங்க” என்றார்.

என்னை டேங்க் மேல் வைத்து அப்பா பிளாக்கை ஒரு சுற்று சுற்றினார். நானே ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, நேராக வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னும் மரத்தாப்லதான் இருக்கு” என்று அம்மாவிடம் கையை நீட்டினார்.

அம்மா விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். “ஆமாங்க, இன்னும் சரியாவல” என்றாள்.

“பொய்! வண்டி ஆடவே இல்ல, நான் புடிச்சிப் பாத்தேன்!” என்று கத்தினேன். அம்மா முகம் சிவந்து திரும்பிக்கொண்டாள். மீன்குழம்புக்காகத் தங்கியிருந்த மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஐஸ் வாங்கித் தருவதாக என்னையும் தம்பியையும் வெளியே இழுத்துப் போனார்.

அம்மாவே சொன்னபிறகு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மணல் பத்தவில்லையோ? இன்னும் சலித்துத் தருகிறேன் என்றேன்.

“லாரி மணல கொட்னாலும் உங்கப்பா கை சரியாவாது, வாடி” என்றார் மாமா.

பாவம், மாமாவுக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.