ஈரம் போகணும், சாறு போகக் கூடாது

சீனியம்மா மாட்டுக்காக அடுக்கி வைத்திருந்த தீவனப் படப்பு உள்ளுக்குள்ளேயே வெந்து கெட்டுப்போனது. மேலே பார்த்தால் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு பிடி உருவினால் வெள்ளைப் பூசணம், புளிச்ச வாடை. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோவில்பட்டியில் விவசாயக் கருவிக் கடை வைத்திருக்கிறேன். மிஷினை விற்றதோடு வேலை முடிந்தது என்று கம்பெனி நினைக்கும். அப்போதுதான் ஆரம்பம் என்று வாங்கியவர் நினைப்பார். இரண்டு பேரிடமும் பேச்சு வாங்குகிறவன் கடைக்காரன். கடை வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சீனியம்மா புதூர்ப் பக்கத்துக்காரி. ஐந்து கறவை மாடு. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. இரண்டு துண்டுக் காட்டில் நாத்து போட்டிருந்தாள். நாத்து என்றால் எங்கள் கரிசலில் மாட்டுக்காக நெருக்கி விதைத்த சோளம். கீழ்த்துண்டை அறுத்துப் போட்ட படப்புதான் கெட்டது. மேற்குத்துண்டு இன்னும் நின்றது. கோடைக்கு அதை விட்டால் மாடுகளுக்கு வேறு தீனி கிடையாது. அறுக்க ஆளும் கிடையாது. ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்கு வேன் ஏறிவிடுகிறார்கள்.

கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மிஷின் குடுங்க அண்ணாச்சி. மேக்குத்துண்டும் இப்படிப் போச்சுன்னா மாட்ட அவுத்துச் சந்தைக்குக் கொண்டுபோயிருவேன். பட்டினி போட்டுப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது."

நாத்து மிஷின்

கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். "நாத்து மிஷின் ஒண்ணு அனுப்புங்க, ஓட்டிப் பாக்கணும்." இதற்கு மேல் எப்படித் தெளிவாகச் சொல்வது?

வண்டியில் வந்து இறங்கியது நெல் நாற்று நடுகிற மிஷின். தை மாத வெயிலில், வெடிப்பு விட்டுக் கிடக்கிற கரிசல் காட்டில். கூட வந்த விற்பனைக்காரத் தம்பி பிரவீன், சேறு அடித்த வயல் எங்கே என்று கேட்டார். சுற்றிலும் பார் என்று கையைக் காட்டினேன். பார்த்தார். "நாத்து மிஷின்னுதானுங்களே சார் சொன்னீங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் ஊரில் நாத்து நடுகிற சரக்கு, எங்கள் ஊரில் அறுக்கிற சரக்கு.

எனக்குச் சிரிப்பு வந்தது. சீனியம்மாவுக்கு வரவில்லை. மிஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"தம்பி, இது நட்டு வச்சுட்டுப் போயிரும். எனக்கு நிக்கிறதப் படுக்கப் போடணும்லா?"

தோளில் தொங்குகிறது

அடுத்து, தோளில் மாட்டி வீசுகிற பெட்ரோல் வெட்டுக் கருவி. வரப்புப் புல்லுக்கு நல்ல சாமான். குறை சொல்ல மாட்டேன். ஆளுயர நாத்தில் விட்டபோது ஒரு சோளத்தட்டை கிழக்கே விழுந்தது, ஒன்று மேற்கே விழுந்தது, ஒன்று ஓட்டியவர் மேலேயே விழுந்தது. அறுத்ததைவிடப் பொறுக்குவது பெரிய வேலையாகிவிட்டது. பின்னிக்கிடந்ததைப் பிரித்து அள்ளுவதற்குள் சீனியம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது.

ஒரு பாடம் படித்தேன். எவ்வளவு வேகமாக வெட்டும் என்று கேட்கக் கூடாது. வெட்டியதை எப்படிப் போடும் என்று கேட்கணும்.

பக்கத்துக் காட்டுக்காரர் வெள்ளையப்பன் வரப்பில் நின்று கடைசிவரை பார்த்தார். ஒத்தாசைக்கு வரவில்லை. பேச்சுக்கு மட்டும் வந்தார்.

"ஏ தாயி, மிஷின் விட்டியா, யானை விட்டியா?"

திரும்ப இடம்

பிரவீன் விடவில்லை. அந்தத் தம்பியிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். டிராக்டரில் மாட்டுகிற பெரிய மிஷின் ஒன்றின் படத்தைப் போனில் காட்டினார். முன்னால் வெட்டும். பின்னால் இரண்டு உருளை. வெட்டின தட்டை உருளைக்கு நடுவே போய் நசுங்கி விழும்.

"எதுக்கு நசுக்கணும்?" என்றேன்.

"இலை ரெண்டு நாள்ல காஞ்சிருமுங்க சார். தண்டு காயாது. மேல பாத்துட்டுக் காஞ்சிருச்சுன்னு அடுக்குனா, தண்டுல இருக்கிற ஈரம் உள்ள சூடேத்திக் கெடுத்துரும். தண்டு வெடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணாக் காயுமுங்க."

யோசித்துப் பார்த்தேன். கீழ்த்துண்டுப் படப்பு கெட்டது அப்படித்தான். சீனியம்மா இலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். தட்டையை ஒடித்துப் பார்க்கவில்லை. நாத்து நன்றாக வந்த வருஷம் தட்டை தடித்துத்தான் இருக்கும். விளைச்சல் நன்றாக இருந்ததே வினையாகிவிட்டது.

மிஷினைப் பார்க்கக் கயத்தாறு வரைக்கும் போனோம். அங்கே ஒருவர் வைத்திருந்தார். பெரிய டிராக்டர், பெரிய காடு. இந்தக் கோடியில் புறப்பட்டு அந்தக் கோடியில் திரும்பி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சீனியம்மா மிஷினைப் பார்க்கவில்லை. அது திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, இது திரும்புறதுக்குள்ள என் காடு முடிஞ்சுபோகும். மிச்சத்த வெள்ளையப்பன் மாமா காட்டுலதான் அறுக்கணும்."

முடிவெட்டு

கடைசியில் வெட்டுவதற்கு அமைந்தது ஒரு சின்ன மிஷின். பின்னால் நடந்துகொண்டே தள்ளுவது. முன்னால் சீப்பு மாதிரிப் பல்வரிசை, அதற்குள் கத்தி போய்வரும். முடிவெட்டுகிற கருவியைப் பெரிசாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கல் மாட்டினால் நின்றுவிடும் என்பதுதான் குறை. கல்லைப் பொறுக்கிவிட்டு ஓட்டணும். ஆனால் தட்டையை ஒரே பக்கமாகச் சாய்த்து வரிசையாகப் போட்டுவிட்டுப் போகும். ஓரத்தில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. உருளை மட்டும் அதில் கிடையாது.

வெள்ளையப்பன் அன்றைக்கும் வரப்பில் ஆஜர்.

"வெட்டு நல்லாத்தான் இருக்கு. சவரமும் உண்டா?"

ரோட்டில் விரித்தது

எங்கள் பக்கம் கொள்ளு, உளுந்தைச் செடியோடு ரோட்டில் விரிப்பார்கள். வண்டி ஏறி ஏறி மணி உதிரும். சட்டப்படி தப்பு. இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுவதும் உண்டு. சீனியம்மா யோசித்தாள். நசுக்கத்தானே வேணும், பஸ் நசுக்கட்டுமே. அறுத்ததில் ஒரு பகுதியைக் கொண்டுபோய் ஊர் முகப்பில் பரப்பிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

நான் போய் இறங்கியபோது மினிபஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டு டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"யாரும்மா இதப் போட்டது? பிரேக் பிடிச்சா வழுக்குது. உள்ள இத்தனை பேரு இருக்காவ!"

"கொள்ளு போட்டப்போ ஒண்ணும் சொல்லலியே?"

"கொள்ளு காஞ்சது. இது பச்ச. பாருங்க, சவசவன்னு சாறா ஓடுது."

டிரைவர் சொன்னது சரி. பஸ் ஏறின இடத்தில் தட்டை கூழாகி, மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு கை அள்ளி மோந்தேன். டீசல் வாடை. இதை மாட்டுக்குப் போட முடியாது. சீனியம்மா எல்லாவற்றையும் வாரிச் சுருட்டினாள். கண் கலங்கியிருந்தது. மேற்குத்துண்டில் முக்கால்வாசி இன்னும் நிற்கிறது. இப்படியே வாரிக் கொட்டினால் சந்தை நாள்தான் மிச்சம்.

டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"ஏம்மா, சாற என் டயருக்குக் குடுத்துட்டுச் சக்கைய மாட்டுக்குப் போடுதீங்களே, நியாயமா?"

இரும்பும் டயரும்

காதர் பாய்க்கு என் கடைக்கு அடுத்த பட்டறை. லேத்து, வெல்டிங் எல்லாம் உண்டு. பிரவீன் போனில் உருளையின் அமைப்பைச் சொன்னார். பாய் இரண்டு இரும்பு உருளைகளைச் சட்டத்தில் மாட்டி, பழைய என்ஜினோடு பெல்ட் போட்டுக் கொடுத்தார். காட்டு ஓரத்தில் நிறுத்தி, அறுத்த நாத்தைக் கைக்கட்டாக உள்ளே விடணும். நன்றாகத்தான் ஓடியது. சாறு வாளி வைத்துப் பிடிக்கிற அளவுக்கு ஊற்றியது. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "கரும்பு ஜூஸ் கடையே போடலாம் அண்ணாச்சி" என்றார்.

சாறு போனால் சத்துப் போச்சு. இடைவெளியைக் கூட்டினோம். மெல்லிய தட்டை நசுங்காமல் வந்தது. குறைத்தோம். தடித்தது கூழானது. ஒரே பிடியில் மெலிசும் தடிசும் சேர்ந்துதானே வரும். நான் எரிந்து விழுந்தேன். பாய் என் மேல் எரிந்து விழுந்தார். சீனியம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். மேகம் போட்டிருந்தது.

அந்த நேரம் மினிபஸ் வந்து நின்றது. போகும்போதும் வரும்போதும் எங்கள் உருளைக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் இறங்கி வரப்பில் நடந்து வந்தார். இரண்டு தோளிலும் பழைய ஸ்கூட்டர் டயர்கள்.

"அண்ணைக்கு ரோட்டு ஓரத்துல ஸ்கூட்டர் மட்டும் ஏறுன தட்டைய எடுத்துப் பாத்தேன். வெடிச்சிருந்துச்சு. கூழாகல. ரப்பர் தடிச்சதுக்கு விலகிக் குடுக்கும், மெலிசப் பிடிச்சுக்கிடும். உங்க இரும்புக்கு அது தெரியாது. சுத்துங்க இத."

டயரைப் பட்டை பட்டையாக வெட்டி, உருளையில் சுற்றி முறுக்கினார் பாய். முதல் கட்டு உள்ளே போனது. வெளியே வந்த தட்டையை ஒடித்தேன். நீளவாக்கில் வெடித்திருந்தது. கையில் பிசுபிசுப்பு, அவ்வளவுதான். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். டிரைவர் கவனிக்கவில்லை.

"எதுக்குய்யா இவ்வளவு சிரமம்?" என்றேன்.

"பின்ன? நீங்க தோத்துட்டா, அந்தம்மா திரும்ப ரோட்டுக்குத்தான வருவாவ?"

படப்பு

மேகம் ஏமாற்றிவிட்டுப் போனது. மிச்ச நாத்தையும் அறுத்து, நசுக்கி, காயப் போட்டாகிவிட்டது. இந்தத் தடவை இலையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தட்டையை ஒடித்துப் பார்த்துத்தான் அடுக்கினார்கள். மாசி பாதியில் போன் வந்தது. கூப்பிட்டது சீனியம்மா. எடுத்தேன்.

"படப்புக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டுப் பாத்தேன் அண்ணாச்சி. சூடு இல்ல. உருவிப் போட்டேன், அஞ்சும் அடிச்சுப் பிடிச்சுத் தின்னுது."

நசுக்கணும் என்று சொன்னது பிரவீன், உருளை செய்தது காதர் பாய், சத்தம் போட்டது நான். ஆனால் ஐந்து மாடுகளும் சந்தைக்குப் போகாமல் நிற்பது, தன் ரோடு சும்மா கிடந்தால் போதும் என்று டயரைத் தூக்கிக்கொண்டு வந்த மினிபஸ் டிரைவர் முத்துப்பாண்டியால்.