முதலாம் விருப்பம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில்தான் எங்கள் உயிரியல் ரியூசன் வகுப்பு. நான் எப்போதும் கடைசி வரிசை, ஜன்னலோரம். படிப்பிக்கிற சேர் மைக்கைப் பிடித்து இதயத்தின் அறைகளை விளக்கிக்கொண்டிருப்பார். வெளியே தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போகும்போது சேரின் குரல் கொஞ்சநேரம் கேட்காது. அதற்குள் நான் எங்கேயோ போய்விடுவேன். ரயில் போய் முடிந்தாலும் எனக்குத் திரும்பி வர நேரமெடுக்கும்.

இடைவேளையில் மற்றவர்கள் ரோல்ஸ் வாங்க ஓடுவார்கள். நான் தண்டவாளத்தைத் தாண்டிக் கற்களுக்குப் போவேன். கல்லிடுக்கில் தேங்கிய நீரில் மீன்குஞ்சுகள் அசையாமல் நிற்கும். உடம்புக்குள்ளே முள் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் வெயில், பசி, வரப்போகும் சோதனை எல்லாம் கரைந்து, நானும் தண்ணீருக்குள் நிற்பதாகத் தோன்றும். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

அம்மாவுக்கு நான் டொக்டராக வேண்டும். சனலிங் சென்டரில் டொக்டர்மாரின் கதவுக்கு வெளியே இருந்து நோயாளிகளின் நம்பரைக் கூப்பிடுவதுதான் அவளுடைய வேலை. "நான் கதவுக்கு வெளியில இருந்தது போதும். நீ உள்ளுக்க இரு" என்பாள்.

ஏ.எல். சோதனை ரிசல்ட்ஸ் வந்தபோது என் புள்ளி, போன வருடம் மெடிசினுக்கு வெட்டிய புள்ளியைவிட மயிரிழை குறைவு. "இந்தமுறை வெட்டுப்புள்ளி இறங்கும், பார்" என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப வரிசையில் போட வேண்டும். மேலிருந்து பார்த்து, நம் புள்ளிக்கு எட்டுகிற முதலாவதைத் தருவார்கள். பிறகு மாற்ற முடியாது. எங்கள் சனத்தின் வீடுகளில் பயோ படித்த பிள்ளைக்கு அந்த வரிசை பிறக்கும்போதே எழுதியாயிற்று: மெடிசின், பிறகுதான் மற்றதெல்லாம். அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நான் கடல்சார் விஞ்ஞானத்தை முதலாவதாகவும் மெடிசினை இரண்டாவதாகவும் போட்டேன். மெடிசின் எப்படியும் எட்டாது, எங்கே போட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கள்ளப் புத்தி. வேண்டாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

அதன்பின் வந்த மாதங்களில் ஏதோ பாதித் தூக்கத்தில் நடந்து திரிந்தேன். எதைக் கேட்டாலும் ஓம் என்றேன்.

வெட்டுப்புள்ளி இறங்கியது. நான் குளித்துவிட்டு வரும்போது வீடெல்லாம் நெய் மணம். அம்மா கேசரி கிண்டி, கீழ்வீட்டு அன்ரிக்குக் கொடுக்கத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். "உன்ர புள்ளிக்குக் கீழ வந்திட்டுது! மெடிசின்!" என்று ஈரத்தலையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அம்மா, நான் மெடிசினை ரெண்டாவதாத்தான் போட்டனான்."

"முதலாவதா என்னத்தைப் போட்டனீ?"

சொன்னேன்.

"மீனைப் பற்றிப் படிக்கவோ?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழுதேன். அவள் அடுப்பை நிறுத்தினாள். சாமிப்படத்துக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் கதவடியில் நின்று காதுகொடுத்துக் கேட்டேன்.

"மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது" என்றாள் அம்மா.

"மெடிசின்தானே?" என்றாள் அன்ரி.

தட்டை வைக்கிற சத்தம் கேட்டது.

"இல்லை. அதுவும் கிடைச்சிருக்கும். அவள் விருப்பப்பட்டுக் கேட்டதையே குடுத்திட்டாங்கள்."

மேலே வந்து, என்னைப் பார்க்காமல், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவள் நான்.