ஆகாயத்தில் காட்டிய குடி பெர்மிட்

இன்று துபாய் விமானத்தில் இரண்டாவது விஸ்கியைத் தந்த பணிப்பெண், "இதோட போதும் சார்" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். போதை தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார், பாவம்!

எழுபதுகளில் என் முதல் விமானப் பயணம். ராட்டர்டாமில் கப்பல் வேலைக்குச் சேர நானும் தருவைகுளத்து சேவியர் அண்ணனும் பம்பாயிலிருந்து பறக்கிறோம். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அப்போது மதுவிலக்கு. உடம்புக்கு மருந்தாக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, பெர்மிட் வாங்கியவர்தான் குடிக்கலாம்.

திடீரென்று பார்த்தால், வண்டி நிறைய பாட்டில்களைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருகிறார்! என்னிடம் ஏது பெர்மிட்? அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏலே, பேசாம இரு. பெர்மிட்ட கையோட கொண்டாந்திருக்கம்லா" என்றார் அண்ணன். சட்டைப் பையிலிருந்து எடுத்து இரு கைகளாலும் நீட்டினார்.

நல்லவேளை, மெட்ராஸ் பெண். "இங்க இதெல்லாம் வேண்டாம் சார்" என்று இருவருக்கும் ஊற்றினார். இரண்டாவதும் வந்தது.

அண்ணன் மூன்றாவது கேட்டார்.

"இப்ப அந்த பெர்மிட்டைக் காட்டுங்க" என்று வாங்கி, நிதானமாகப் படித்தார் அந்தப் பெண். "நீங்க நோயாளின்னு போட்டிருக்கே. ரெண்டே அதிகம் சார்."

பெர்மிட் இல்லாத எனக்குத் தாராளமாக மூன்றாவது கிடைத்தது! ராட்டர்டாம் வரை அண்ணன் என்னோடு பேசவில்லை.

இன்று எனக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் உண்டு. பெர்மிட் கேட்டால் உடனே கிடைக்கும். மூன்றாவதுதான் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்திருக்கிறதா?