அண்ணனுக்காக உயர்த்திய வேகன்

சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்தச் சில வருடங்களில் நாற்பதைத் தாண்டிய மாத்தளை வாத்தியார்கள் பலவிதமான காரியங்களைச் செய்தார்கள். சிலர் பல் கட்டினார்கள். சிலர் கொழும்பில் அறை எடுத்து மகளுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். நான் ஒரு துண்டு மிளகுத் தோட்டத்தை விற்று, ஜப்பானில் ஓடிக் களைத்து கப்பலில் வந்து இறங்கிய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கினேன். கையால் கியர் மாற்றுகிற வண்டி. டர்போ பூட்டிய இயந்திரம். காற்றுக் குடிப்பதற்காக பானெட்டின் நடுவே அகலமான ஒரு வாய்.

என் மனைவி வாசலில் நின்று அதைச் சுற்றிப் பார்த்தாள்.

“இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வாய்? அதான் வீட்ல ஒண்ணு இருக்கே.”

அண்ணன் குடும்பத்தை ஏற்றி வர வேண்டும், சாமானுக்குப் பின்னால் இடம் வேண்டும் என்றேன்.

“சாமானுக்கு லொறி பிடிங்க. டர்போ எதுக்கு?”

பானெட்டைத் திறந்து எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அண்ணனும் நானும் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தின் ஒரே காம்பராவில் வளர்ந்தவர்கள். எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரம் முடிந்த கையோடு, இனி இந்த மலையில் இருப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளிநொச்சிப் பக்கம் போனார். காட்டை வெட்டி வயலாக்கினார், அங்கேயே கலியாணம் செய்தார். அப்பாவின் சாவுக்கு அவரால் வர முடியவில்லை. அப்போது பாதை இல்லை. மாத்தளையை அடுத்த பலாபத்வலையில் என் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு போகும் ஏ-ஒன்பது வீதிதான் அவருடைய வயலுக்குப் பக்கத்தாலும் போகிறது. சகோதரர்கள் இருவரும் ஒரே வீதியில் குடியிருக்கிறோம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். நடுவில் ஒரு யுத்தம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வீதியைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். நான் போகவில்லை. பஸ்ஸில் போனால் அண்ணனைப் பார்த்துவிட்டு வரலாம், கூட்டிக்கொண்டு வர முடியாது. எனக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

படித்தவனுக்கு எதையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்கிற வியாதி உண்டு. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் இந்த மாதிரி வண்டிகளையெல்லாம் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார்கள். நானும் டவுனில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கொண்டுபோய், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தச் சொன்னேன். சைலன்சரைக் கழற்றி அகலமான குழாய் போடச் சொன்னேன்.

“இது வாத்தியார் வாகனமா சேர், இல்ல கலியாணம் ஆகாத பொடியன்ட வாகனமா?” என்றார் நானா. ஆனாலும் செய்து தந்தார்.

முதல் ஓட்டம் எல்கடுவைக்கு. தோட்டத்துக்குள் திரும்பியதும், பாதையின் நடுவே துருத்திக்கொண்டிருந்த கல்லின் மேல் வண்டி வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. சக்கரங்கள் சுற்றின, வண்டி நகரவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“சேர், வண்டிக்கு முட்டி வலியா?”

“தைலம் போட்டு நீவி விடுங்க சேர்!”

“அவுங்க அண்ணனைக் கூட்டியாரப் போறாராம். அவரு படுத்துக்கிட்டுத்தான் வரணும் போல.”

சொல்லிச் சிரித்துக்கொண்டே, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல வண்டியைத் தூக்கி விட்டார்கள்.

குழாயின் கதை அவ்வளவு சிரிப்பானதல்ல. வேகத்தில் போய்க் காலை எடுத்தால் அது வேட்டுப் போடும். சோதனைச் சாவடிக்கு முன்னால் மரியாதையாக வேகத்தைக் குறைத்தேன். அது மரியாதையாக ஒரு வேட்டுப் போட்டது. மூன்று சிப்பாய்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் மறைந்தார்கள். கையை உயர்த்திக்கொண்டு இறங்கினேன். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிப்பாய், துப்பாக்கியைத் தாழ்த்தாமலே சிங்களத்தில் கேட்டான்: “மாஸ்டர், இது பள்ளிக்கூடம் போகிற வண்டியா, சண்டைக்குப் போகிற வண்டியா?”

அண்ணன் இருக்கிற திசையில் இதைப்போல இன்னும் பல சாவடிகள் இருந்தன. மறுநாளே நானாவிடம் போனேன். பழைய சைலன்சர் திரும்பி வந்தது. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், சாமான்கள் எல்லாவற்றையும் மனதில் நிறுத்துப் பார்த்து, பின்பக்கம் பாரம் தாங்குகிற கனத்த ஸ்பிரிங் போடச் சொன்னேன். வண்டி முன்பிருந்ததைவிட உயரமாக எழுந்து நின்றது.

“ரேஸ் குதிரைய வாங்கி கோவேறு கழுதையாக்கிட்டீங்க சேர்,” என்றார் நானா. டர்போவையும் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். அதை மட்டும் தொட விடவில்லை.

பயணத்துக்கு முன் வஹகோட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்தோம். பாதர் தாராளமான கை உள்ளவர். தீர்த்தத்தில் பாதி பானெட் வாய்க்குள் இறங்கியது. “உள்ளுக்கும் போகட்டும், நல்லது,” என்றார்.

ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும் புறப்பட்டோம். இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் எல்லையான ஓமந்தையில் இந்தப் பக்கத்தார் ஆசனங்களைக் கழற்றிப் பார்த்தார்கள், அந்தப் பக்கத்தார் உபரிச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வீதி நேராக ஓடியது. மலையில் பிறந்தவன் கனவில் மட்டும் காணக்கூடிய நேர்கோடு. ஆனால் அதில் வேகக் கட்டுப்பாடு இருந்தது. குழிகள் இருந்தன. இருபுறமும் மண்டையோடு வரைந்த கண்ணிவெடிப் பலகைகள் இருந்தன. மூன்றாவது கியரிலேயே போனேன். டர்போ ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை. அதைப் பற்றி மனைவி எதுவும் சொல்லாமல் வந்ததை நான் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன் வேலிப் படலையில் நின்றார். தலை முழுக்க வெள்ளை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் என்னைப் பார்க்காமல் வண்டியையே பார்த்தார்.

“என்னடா, நடுவுல ஓட்டை? ஷெல் விழுந்துச்சா?”

“இல்லண்ணே, ஜப்பான்லயே அப்புடித்தான் செய்யிறாங்க.”

“அங்கயும் பிரச்சினையா?”

ஓட்டச் சொன்னேன். அதுவரை டிராக்டர் மட்டுமே ஓட்டியவர். வாய்க்கால் ஓரப் பாதையில் இரண்டாவது கியரில் போட்டு மிதித்தார். அந்த நெடும்பயணம் முழுக்கத் தூங்கிக்கிடந்த டர்போ சீறிக்கொண்டு எழுந்தது. அண்ணன் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

“யாரோ பின்னால இருந்து தள்ளுறாங்கடா!” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

“அண்ணே, வாங்க, மாத்தளைக்குப் போயிருவோம். அண்ணி, புள்ளைங்க, சாமான் எல்லாத்துக்கும் பின்னால இடம் இருக்கு.”

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். எதிரே அவர் தன் கையால் வெட்டிய கிணறு இருந்தது. அதைச் சுற்றி அவர் நட்ட தென்னைகள் காய்த்து நின்றன.

“இடம் இருக்குன்னியே,” என்றார். “அந்தக் கிணறு ஏறுமா?”

நான் பின்னால் காலியாயிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“லயத்துல நாம இருந்த காம்பரா கூட நம்மளுது இல்லடா. இது என்னுது.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அறுப்பு முடியட்டும், வர்றேன். இருக்க இல்ல, பாக்க. அப்பாவைப் புதைச்ச எடத்தைப் பாக்கணும். நீயே வந்து கூட்டிட்டுப் போ,” என்றார்.

பின்னால் அவர் ஏற்றிவிட்டது ஒரு மூட்டை அரிசி. நான்கு பேரையும் ஒரு குடும்பத்தின் சாமானையும் சுமப்பதற்காக இறுக்கிய ஸ்பிரிங், அந்த ஒற்றை மூட்டையோடு ஒவ்வொரு குழியிலும் துள்ளித் துள்ளி வந்தது. வவுனியாவில் மனைவி திரும்பி மூட்டையைப் பார்த்தாள். பிறகு, “அரிசியாவது வந்துச்சே,” என்றாள்.

அந்த அறுப்பு முடிந்தது. டெலிபோன் கடையிலிருந்து பேசினார்: பெரியவனுக்குப் பரீட்சையாம். அடுத்த அறுப்பில் அண்ணிக்குச் சுகமில்லை. அதற்கடுத்ததில் வருவது நிச்சயம், எண்ணெய் அடித்து வை என்றார். அடித்து வைத்தேன். வீதியை மூடிவிட்டார்கள்.

இரண்டு வருடமாகிறது. சண்டை அவருடைய பக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாக ரேடியோ சொல்கிறது. டெலிபோன் வருவதில்லை. வண்டியை வாங்க ஆட்கள் வருகிறார்கள். பின்பக்கம் ஏன் இப்படித் துள்ளுகிறது என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வடக்கே ஓட்டுகிறேன், தம்புள்ளை வரைக்கும். மரக்கறிச் சந்தைக்கு என்று சொல்லிக்கொள்வேன். சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேலே போகிற வீதியைக் கொஞ்சநேரம் பார்ப்பேன். தக்காளி வாங்கிக்கொண்டு திரும்புவேன். பலாபத்வலையிலேயே தக்காளி கிடைக்கும் என்று மனைவி ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஞாயிறு மழை. போவதில்லை என்று பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“தம்புள்ளைக்குப் போயிட்டு வந்திருவோமாங்க? வெங்காயம் முடிஞ்சிருச்சு.”

அடுப்படிக் கூடையில் வெங்காயம் நிறைய இருந்தது. நான் பார்த்திருந்தேன். சாவியை எடுத்தேன்.