சேற்றில் கிடந்த நான்கு காய்கள்

டீக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தபோது என் மகள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்தாள். glean என்றால் அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவதாம். ஆங்கிலக் கவிதைகளில் ஏழைப் பெண்கள் அந்தி வெயிலில் குனிந்து பொறுக்குவது அவ்வளவு அழகாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வண்டன்மேட்டில் என் அம்மா கூலி வேலை பார்த்த ஏலக்காய் எஸ்டேட்டின் காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்த இடத்தில் இன்று சுற்றுலா விடுதி நிற்கிறது. விறகுப் புகையும் பச்சைக்காய் வாசமும் மூக்கை அடைக்கும் அந்த ஸ்டோர் வாசலில் அப்போதெல்லாம், அட்டை கடித்த ரத்தம் காய்ந்த கால்களோடு, காய் எடுத்த பெண்கள் தினமும் சாயங்காலம் வரிசையாக நின்று, கணக்கப்பிள்ளை முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள் என் அம்மாவின் மடியிலிருந்து நான்கு காய்கள் விழுந்தன.

"கீழ, சேத்துல கெடந்ததுங்கய்யா. புள்ளைக்கு இருமல்."

"சேத்துல கெடந்தாலும் அது மொதலாளி காய்தான்."

முதலாளிக்கும் ஆகாமல், எங்களுக்கும் ஆகாமல், அந்த நான்கையும் கணக்கப்பிள்ளை செருப்புக் காலால் நசுக்கினார். அந்த வாசம்தான் இப்போது என் அடுப்படியில்.

"இந்த glean-க்குத் தமிழ்ல என்னம்மா?" என்றாள் மகள், நோட்டில் பேனாவை வைத்தபடி.

"எழுதிக்கோ, திருட்டு," என்றேன்.